செராஃபினாவின் பதினெட்டு வரிசை

வட இத்தாலியில், எங்கள் செர்ராலுங்கா மேட்டில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ, அங்கேதான் நெபியோலோத் திராட்சைக் கொடியை நட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஜன்னலைத் திறந்து பார்க்கக் கண் இருந்தால் போதும். அப்படிப்பட்ட சரிவில் செகொந்தோவுக்குப் பதினெட்டு வரிசை இருந்தது. நாற்பத்தொரு வயது வரை பெண்டாட்டிதான் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாம் தூரீன் நகரில் கார்த் தொழிற்சாலைக்காரனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியில் கல்யாணத் தரகர் ஒரு போட்டோவோடு வந்தார். தெற்கே அடிக்கோடியில் கலாப்ரியா. போட்டோவில் இருந்தவள் செராஃபினா. 1967 மார்ச்சில் ஒரு பெட்டியும் ஒரு சரம் காய்ந்த மிளகாயுமாக ரயிலை விட்டு இறங்கினாள். எங்கள் பேச்சில் அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஊர் அவளுக்குத் ‘தெற்கத்திக்காரி’ என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டது.

செகொந்தோ வாய் திறக்காதவர். கொடியை எங்கே வெட்டுவது, வளைகிற வில்லோ மரக் குச்சியால் எப்படி முறுக்கிக் கட்டுவது என்று கையால் காட்டுவார், அவ்வளவுதான். மூன்றே வருஷத்தில் இந்த மேட்டில் அவளைவிட வேகமாகக் கட்டுகிற கை இல்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

1979 ஜூலையில், வரிசைக்கு நடுவே நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செகொந்தோ போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அக்டோபர் வந்தது.

நெபியோலோ எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாவற்றுக்கும் பின்னால் பழுக்கும். மற்றத் திராட்சையெல்லாம் ஒயின் தொட்டிக்குப் போன பிறகு, காலை மூடுபனி மேடேறி வரத் தொடங்கியதும் இதைப் பறிக்க வேண்டும். மழைக்கு முந்திக்கொள்ளவும் வேண்டும். தோல் மெல்லிசு. நனைந்தால் அழுகிவிடும். ஆறு பேருக்கு இரண்டு நாள் வேலை.

வருஷா வருஷம் பக்கத்துத் தோட்டத்து ஜெனியோவும் அவர் ஆட்களும் வருவார்கள். செகொந்தோ அவர்கள் பறிப்புக்குப் போவார். அவர்களை அழைத்தது யார் என்று செராஃபினா யோசித்ததே இல்லை. அவள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு அறுவடை நேரத்தில் ஜனங்கள் தாங்களாகவே கத்தியோடு வந்து நிற்பார்கள். கேட்க வைத்தால் அது ஊருக்கே மானக்கேடு.

வியாழக்கிழமை ஆறு பேருக்குச் சமைத்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு தனியே இறங்கினாள். நான்கு நாளில் ஆறு வரிசை முடித்தாள். விரல் எல்லாம் வெட்டு, வெட்டெல்லாம் சாறு. ஐந்தாம் நாள் காலை கடற்காற்று வீசியது. மழை நிச்சயம். பன்னிரண்டு வரிசை அப்படியே தொங்கியது.

வரப்பில் ஜெனியோ நின்றுகொண்டிருந்தார். கத்தரி இடுப்பில் இருந்தது. நாலு நாளாகவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

“ஏம்மா, ஒத்தை ஆளாப் பறிச்சு போப்பாண்டவருக்கா அனுப்பப் போற?”

“வேடிக்கை பாத்தது போதுமா? கால் வலிக்கப் போகுது, உக்காந்து பாருங்க.”

“நீ கூப்பிடலையே!”

“கூப்பிடணுமா? புருஷன் செத்த வீடுன்னு கண்ணுக்குத் தெரியல?”

ஜெனியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இந்தாம்மா. செகொந்தோ ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் சதுக்கத்துல ஒவ்வொருத்தனாப் பாத்துச் சொல்லுவான். கூப்பிடாம அடுத்தவன் வரிசையில கால வச்சா, ‘உனக்குக் கையாலாகல’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. இந்த மேட்ல எவனும் செய்ய மாட்டான்.”

“எங்க ஊர்ல கேக்கறவதான் பிச்சைக்காரி.”

“இது உங்க ஊர் இல்ல.”

பன்னிரண்டு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டும் மனிதர் நகரவில்லை, வரப்பைத் தாண்டவுமில்லை. செராஃபினா பழத்தைப் பார்த்தாள். நீலக் கருப்பில் சாம்பல் பூத்து, தொட்டால் விரல் ரேகை பதிகிற பக்குவம். செகொந்தோ கடைசியாக வெட்டிவிட்ட கொடிகள். தொண்டையைச் செருமினாள்.

“வாங்க ஜெனியோ. இன்னைக்கே வாங்க.”

அரை மணி நேரத்தில் ஆறு பேர் இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் வேலைக்கு இறங்கினால் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்! மதியம் மழை பிடிப்பதற்குள் ஏழு வரிசை கூடைக்கு வந்துவிட்டது. ஐந்து வரிசை கொடியிலேயே அழுகியது.

சாப்பாட்டில் மிளகாய் தூக்கலாக இருந்தது. ஜெனியோ கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே, “அடுத்த வருஷம் ஞாயித்துக்கெழமையே சொல்லிடு” என்றார். தட்டைத் துடைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். காம்பைப் பிரித்ததும், தொட்டியைக் கிளறியதும், பெரிய பீப்பாயில் ஊற்றி மூன்று வருஷம் காத்திருந்ததும் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு அக்டோபர். ஒவ்வொரு வருஷமும் சதுக்கத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரும் ஒரு வருஷமும் தட்டவில்லை. அதில் எங்களைக் குறை சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் அன்றும், அவள் காய்ச்சலில் கிடந்த ஜனவரியிலும் யாரும் போகவில்லை. அவள் கூப்பிடவில்லை. திராட்சைக்கு ஆள் கேட்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். சும்மா வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று கேட்க மட்டும் அவளுக்குக் கடைசி வரை வாய் வரவே இல்லை.