மடி இருக்கட்டும், மாமா வேணாம்

வீடியோ எடிட்டிங் என்பது, ஊரார் வீட்டு விசேஷத்தை நாற்பது தடவை பார்த்தும் ஒரு தடவைகூடப் பந்தியில் உட்கார முடியாத தொழில். திருமயம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் எங்கள் கடை. என் கணவர் சேகர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டுவது நான். சன்னலைத் திறந்தால் கோட்டை தெரியும், ஆனால் திரையில் வெளிச்சம் அடிக்கும் என்பதால் திறப்பதில்லை. பதினோரு வருடமாகச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஆனாலும் "சின்ன கரெக்‌ஷன்தான்" என்று வாடிக்கையாளர் ஆரம்பித்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்று இருக்கும். நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் இது.

சித்தப்பா சாப்பிட்டாரா?

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மகளின் கல்யாண வீடியோவைப் பார்த்து வாங்கிப்போக வந்தார். அதில் நான் உயிரைக் கொடுத்திருந்தேன். தாலி கட்டும்போது மேளச் சத்தத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்துகிற இடத்தில் திரும்ப ஆரம்பித்திருந்தேன். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒரு நாள் ஆனது. பந்தியை அரை நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். இலையையும் வாயையும் எத்தனை நேரம்தான் பார்ப்பது?

அவர் அசையாமல் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். மேளம் நின்ற இடத்தில் "கரண்டு போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். முடிந்ததும் பந்தியை மட்டும் இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா எங்க சித்தப்பா சாப்பிட்டதையே காணமே. ஒரு வாய் சோறு போடலன்னு நாளைக்கு அவுக சொன்னா, நான் எதைக் காட்டுவேன்?"

பஸ்ஸில் ஒரு தெரிந்த முகம்

ஒரு வீட்டு விசேஷத்தை மூன்று வாரம் திரையில் பார்த்தால் அந்த வீட்டு ஆட்கள் நமக்குச் சொந்தமாகிவிடுவார்கள். அவர்களுக்குத்தான் நம்மை யாரென்றே தெரியாது. ஒருநாள் அரிமளம் பஸ்ஸில் என் பக்கத்தில் அப்படி ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பார்த்த சந்தோஷத்தில், "முழங்கால் வலி இப்ப தேவலையாங்க? மேடை ஏறயில ரொம்பச் சிரமப்பட்டீங்களே" என்று கேட்டுவிட்டேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் எடிட்டர் என்று விளக்கிச் சொன்ன பிறகும் முகம் தெளியவில்லை. இறங்கும்போது என் காதருகே குனிந்து கேட்டார்: "அப்ப நான் மூணு தரம் பாயாசம் வாங்குனதும் தெரியுமா ஒங்களுக்கு?"

'சும்மா'

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வீடியோவில் சேராத துண்டுகளைத் தூக்கிப் போட மனசு வராது. மேடைக்கு அடியில் தூங்குகிற நாய், தன் படத்தைத் தானே செல்போனில் எடுத்துப் பார்க்கும் ஐயர், மணமகனின் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று அவன் கன்னத்தைத் தட்டும் அப்பா. இதையெல்லாம் 'சும்மா' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். எப்போதாவது வேலை சலிக்கும்போது திறந்து பார்ப்பேன், மனசு லேசாகிவிடும்.

சேகருக்கு இது பிடிக்காது. முகூர்த்த மாதத்தில் டிஸ்க்கில் இடம் பற்றாது. வாடிக்கையாளர் 'சரி' என்று சொல்லிப் பென்டிரைவை வாங்கிவிட்டால் மறுநாளே அந்த விசேஷத்தின் ஒரிஜினலை அழித்துவிடுவது எங்கள் கடை வழக்கம். 'சும்மா'வை மட்டும் நான் தொட விடுவதில்லை. ஒருநாள் அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுல ஓட்டை டப்பா சேக்குறவளைப் பாத்துருக்கேன். கம்ப்யூட்டர்ல சேக்குறவளை இப்பத்தான் பாக்குறேன்."

மடி இருக்கட்டும்

செல்வராணி அரிமளத்துக்காரி. மூன்று வயது மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தினார்கள், வீடியோ எடுத்தது சேகர்தான். அதற்காகவே அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தார். சீர்த்தட்டெல்லாம் வந்து இறங்கியது. ஆனால் வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் மேல்வரிசையில் சிரிக்க, தாய்மாமன் படம் கீழ்வரிசையில், ஸ்டாம்பு அளவில். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. காது குத்தி முடியும் வரை பொறுமையாக இருந்தவர், சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். மாமியார் வீட்டார் முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டார் என்று செல்வராணிக்குத் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். வீடியோவில் அண்ணன் எங்கேயும் இருக்கக் கூடாது என்றாள். "ஏம்மா, தாய்மாமன் மடியில ஒக்காத்தித்தானே காது குத்துறாங்க? அவரை எடுத்துட்டா பிள்ளை எங்க ஒக்காரும்?" என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "மடி இருக்கட்டும்க்கா. மாமா மட்டும் வேணாம்."

அந்தரத்தில் ஒரு காதுகுத்து

"அதான் இப்ப ஏஐ வந்துருச்சுல்ல" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். செய்து பார்த்தேன். மாமா நிஜமாகவே மறைந்துபோனார். பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அந்தரத்தில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. குத்துகிற ஆசாரிக்கு ஆறு விரல் வந்திருந்தது. எட்டிப் பார்த்த சேகர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் பழைய முறைதான். பிள்ளையின் முகம், காது, ஊசி என்று பெரிதாக்கிப் பெரிதாக்கி மாமாவை வெளியே தள்ளினேன். அப்போதுதான் கவனித்தேன். ஊசி இறங்கியதும் பிள்ளை வீரிட்டு அழுகிறது. மாமா ஒரு கையால் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டு, தானும் தேம்பித் தேம்பி அழுகிறார். அத்தனை பெரிய மீசைக்காரர். மாமா வருகிற துண்டுகளை எல்லாம் பெரிதாக்காமல் முழுசாக 'சும்மா'வுக்குள் போட்டேன்.

அந்தக் கையை மட்டும் எடுக்க முடியவில்லை என்று செல்வராணியிடம் போனில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், கையை எடுத்திருக்கலாம், எனக்குத்தான் மனசு வரவில்லை. அவள் அலட்சியமாகச் சொன்னாள்: "இருந்துட்டுப் போகுது. கையப் பாத்து ஆளைக் கண்டுபுடிக்கவா போறாக?"

கண்டுபிடித்தவள்

பென்டிரைவ் வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வீடியோவைப் போட்டேன். மொட்டைத் தலையில் முடி முளைத்திருந்த அந்தப் பிள்ளை தன்னைத் தானே திரையில் வேடிக்கை பார்த்தது. கண்ணைப் பொத்துகிற கை வந்தது. கறுப்பு வார் போட்ட வாட்ச், கட்டை விரலில் ஒரு தழும்பு. பிள்ளை எழுந்து திரைக்கே போய்விட்டது. அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. செல்வராணி "சரிக்கா" என்று மட்டும் சொல்லிப் பென்டிரைவை வாங்கிக்கொண்டு மகளை இடுப்பில் தூக்கினாள். படி இறங்குகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது: "அம்மா, மாமா எங்க? மாமா கை மட்டும் இருக்கு, மாமா எங்க?"

சனிக்கிழமைக்குள்

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் நான் பூட்டைத் திறக்கும் முன்பே செல்வராணி வாசலில் நின்றாள். வீட்டில் பிள்ளை விடாமல் அந்தக் கையையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறது. பொறுக்க முடியாமல் இவளே அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்குக் காது ஆறிருச்சா?" அவ்வளவுதான், இரண்டு பக்கமும் அழுகை. சனிக்கிழமை சாப்பிட வருகிறார், ஞாயிற்றுக்கிழமை விமானம், அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான்.

"வந்ததும் வீடியோவைப் போடுன்னுதான்க்கா சொல்லுவாரு. அதுல அவரு இல்லைன்னா?" என்றாள். நான் சேகரைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார். அவள் 'சரிக்கா' சொன்ன மறுநாளே ஒரிஜினலை அழித்துவிட்டார், கடை வழக்கப்படி. விஷயம் புரிந்ததும் செல்வராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகச் சொன்னாள்: "காது இன்னொரு தரமாக்கா குத்த முடியும்?"

ஓட்டை டப்பா

எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. 'சும்மா'வைத் திறந்தேன். நாய்க்கும் ஐயருக்கும் கீழே மாமா முழுசாக இருந்தார். சீர்த்தட்டோடு வருகிற மாமா, மடியில் துண்டை விரித்துப் பிள்ளையை வாங்குகிற மாமா, அழுகிற மாமா. செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக எடுத்து அந்தந்த இடத்தில் உட்கார்த்திவைத்தேன். நான் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சேகர் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்: "சரி, ஓட்டை டப்பாவுக்குத் தனி டிஸ்க்கு ஒண்ணு வாங்கிருவோம்."

மாமாவே வந்தார்

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி விமான நிலையம் போகிற வழியில் ஒரு கார் கடைக்குக் கீழே நின்றது. கறுப்பு வார் வாட்ச் படியேறி வந்தது. நேற்று வயிறாரச் சாப்பிட்டாராம், எல்லோரும் உட்கார்ந்து வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்களாம். தன்னை வீடியோவிலிருந்து வெட்டி வைத்திருந்த கதை அவருக்குத் தெரியாது, நானும் மூச்சுவிடவில்லை. சிங்கப்பூருக்குக் கொண்டுபோகத் தனக்கும் ஒரு காப்பி கேட்டார். கிளம்புவதற்கு முன் மீசையைத் தடவிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்: "சின்ன கரெக்‌ஷன்தாம்மா. நான் அழுகுறது தெரியுதுல்ல, அங்கிட்டு ரூம்ல பயலுக பாத்தா மானம் போயிரும், அதை மட்டும் வெட்டிருங்க."

வெட்டிக் கொடுத்தேன், அந்தப் பதினான்கு விநாடி இப்போது 'சும்மா'வில் பத்திரமாக இருக்கிறது, என்றைக்காவது அவரே அதைக் கேட்டு வராமலா போய்விடுவார்.