அப்பா மறந்த கார் வரி

அம்மா கார் ஓட்டும் சோதனையில் மூன்று தடவை தவறியிருந்தார். நாலாவது தடவைக்குத் திகதி போட்டு வந்த கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார். முதலாம் திகதி, காலை ஒன்பதரை மணி. இம்முறை தவறினால் வேலையும் தவறிவிடும். லண்டனில் நாங்கள் இருந்த மிச்சம் என்ற பகுதியில் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேனுக்கு ஆள் தேடினார்கள். லைசென்ஸோடு வந்தால் வேலை தருகிறோம், அந்தத் திகதிக்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அம்மா விடியக்காலையில் கந்தோர்களைக் கூட்டித் துடைத்தார். முழங்கால்கள் வீங்கிவிட்டன. வீட்டுப் படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் நின்றுதான் ஏறுவார்.

அப்பா வேண்டாம் என்று சொன்னதில்லை. "லண்டனிலை பஸ் போகாத இடம் எங்கை கிடக்கு?" என்று மட்டும் கேட்பார். கார் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வந்து அம்மாவுக்கு அதில் பழக்குவார். கியர் கறகறக்கும்போது யன்னலடியில் நிற்கும் அப்பாவின் முகம் தன் பல்லைப் பிடுங்கியதுபோல் சுருங்கும்.

சோதனைக்கு முதல்நாள் பின்னேரம், கடைசியாக ஒருமுறை ஓடிப் பார்க்கச் சித்தப்பா வந்தார். காரின் முன்கண்ணாடியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணி, ரக்ஸ் இண்டையோட முடியுது."

அந்தக் காலத்தில் கார் வரி கட்டினால் வட்டமாக ஒரு கடதாசி தருவார்கள். அதைக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி வைக்கவேண்டும்.

"நாளைக்குச் சோதிக்க வாறவன் உதைப் பாத்தானெண்டால் காருக்குள்ள காலே வைக்கமாட்டான். கட்டச் சொல்லிக் கடிதம் வரேல்லையோ?"

"நான் காணேல்லை."

"அப்ப கார்ப் புத்தகம் வேணும். இன்சூரன்சும், கார் ஓடத் தகுதியெண்டு தாற எம்.ஓ.ரி. பத்திரமும் வேணும். தபால் கந்தோர் அஞ்சரைக்குப் பூட்டிப்போடுவான். எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு அண்ணி, இல்லாட்டி நானே கூட்டிக்கொண்டு போவன்."

அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலையில் இருந்தார். எட்டு மணிக்குத்தான் வருவார். எங்கள் கடதாசிகள் எல்லாம் ஊரிலிருந்து வந்த மண்ணிறச் சூட்கேசில் இருந்தன. அதை அப்பாதான் திறப்பார். எந்தக் கடிதம் எத்தனையாம் திகதி வந்தது, எதற்கு எப்போது பதில் போட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். அன்று முதல்தடவையாக அம்மா சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தார்.

கார்ப் புத்தகத்தை நான்தான் கண்டுபிடித்தேன். விரித்தபோது உள்ளே நாலாக மடித்த இன்னொரு கடதாசி இருந்தது. எனக்குப் பத்து வயது, வீட்டில் ஆங்கிலம் வாசிப்பது என் வேலை. "அம்மா, இதுதான் அந்தக் கடிதம்! உடைச்சுக் கிடக்கு. அப்பா மறந்திட்டார்!"

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாதவர் அவ்வளவு நேரம் எதைப் பார்த்தாரோ.

"ஓம்," என்றார். "மறந்திட்டார். சப்பாத்தைப் போடு."

பக்கத்துத் தபால் கந்தோரில், கார் வரி இங்கே எடுப்பதில்லை, பெரிய கந்தோருக்குப் போங்கள் என்றார்கள். பஸ் ஏறினோம். பாலத்தடியில் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. அம்மா மணியை அடித்தார், கதவு திறந்ததும் இறங்கிவிட்டார். படியில் நின்று நின்று ஏறுகிறவர் அன்று நடந்த நடைக்கு நான் ஓடவேண்டியிருந்தது. "அம்மா, எனக்கு ஏலாது" என்றேன். "ஏலும்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

மாதக் கடைசி. வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரையை இறக்கப் பிடித்தார். அம்மா கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டில் கடதாசிகளை வைத்தார். அவற்றின்மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த மனிதர் ஏதோ சொன்னார். அம்மா கையை எடுக்கவில்லை.

"அம்மாவுக்கு நாளைக்குக் கார் ஓட்டும் சோதனை," என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "நாலாவது தரம்."

அந்த மனிதர் அம்மாவின் கையைப் பார்த்தார். சலவைத்தூளில் வெடித்த கை. "என் மனைவி ஆறாவது தரம்தான் பாஸ் பண்ணினாள்," என்று சொல்லித் திரையை மேலே விட்டார். அம்மா ஆறு மாதத்துக்குக் கட்டினார், தன் சம்பளத்தில். படிவத்தில் தமிழில் கையெழுத்து வைத்தார். அந்த மனிதர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அப்பா வேலையால் வந்து நெடுநேரம் உள்ளே வரவில்லை. யன்னலால் பார்த்தேன். அம்மா புது வட்டக் கடதாசி வைத்திருந்த கார்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பா, நீங்கள் மறந்திட்டியள்! நாங்கள் கட்டிட்டம்!"

"கடிதம் எங்கை கிடந்தது?"

"சூட்கேசுக்குள்ள!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றார். "ஆறப்போகுது."

மறுநாள் அம்மா பாஸ் பண்ணினார். அந்த வேனைப் பல வருஷம் ஓட்டினார். நான் படிப்பை அரைகுறையாக விட்டுவிட்டு, அம்மாவைப்போலவே வேன் ஓட்டத் தொடங்கி, எந்த ஊரிலும் நிலைக்காமல் திரிந்தேன். போன இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வேன். எங்கள் அப்பாவைப்போல் மறதிக்காரரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள் என்றுதான் தொடங்குவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார், ஒருநாளும் மறுத்ததில்லை. அம்மா மட்டும், கதை சூட்கேசைத் திறக்கும் இடத்துக்கு வரும்போது, ஆருக்குத் தேத்தண்ணி வேணும் என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அந்தக் கதை அவருக்கு அலுத்துப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.