அப்பாவை ஜெயித்த மூச்சு

போன வருடம் ஆடி மாதம், நாங்கள் கோச்சடைக்கு வீடு மாறி வந்த புதிதில் நடந்தது இது. ஆடிக் காற்றில் தெருப்புழுதி எல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான் குடியிருந்தது. ஒன்பது வயது மகளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. ராத்திரி இருமி இருமி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். குழந்தைகள் டாக்டர் தினமும் இரண்டு வேளை எடுக்கச் சொல்லி ஓர் இன்ஹேலரும், கூடவே ஒரு பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் வேகமாக ஊதினால் அதிலுள்ள முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை அட்டையில் எழுத வேண்டும். இவளுக்கு இருநூறுக்கு மேல் வந்தால் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள், கவனமாக இருக்கணும். நூற்றிருபத்தைந்துக்குக் கீழே போனால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். எண்ணைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. டியூஷன் பிள்ளைகளின் மார்க் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அந்த அட்டையையும் ஒட்டினேன். முந்தின நாளைவிட எண் ஏறினால் ஒரு ஸ்டார். முதல் வாரம் இருநூற்றுப் பத்து, இருநூற்றிருபது என்று போய் ஒருநாள் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. "என்னடி, நேத்தைவிடக் கம்மி? ஒழுங்கா ஊது" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து எண் ஏற ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம். இருநூற்றைம்பது, முந்நூறு, மாதக் கடைசியில் நானூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பசுமலையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டு, "மதினி, எங்க வீட்டுக் கழுதை நானூறைத் தொட்டுட்டா" என்றேன்.

"எம்புட்டுக்கு?" என்று கேட்டார்.

குழாயைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி எண் எண்ணூறு. சொன்னேன்.

"அப்ப பாதிதான வாங்கியிருக்கா" என்றுவிட்டார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்து, இன்னும் முயற்சி செய்யணும் என்று அறிவுரை வேறு சொன்னேன்.

என் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க விசில் ஊதுகிற மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு ஏப்பம் விட்டபடி, "கொண்டா, நானும் ஊதிப் பாக்குறேன்" என்று குழாயை வாங்கினார். நானூற்றைம்பது. மகள் வாங்கி ஒரே ஊது, நானூற்றெழுபது. இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு தடவை ஊதினார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

ஒன்பது வயதுப் பிள்ளை, அதுவும் வீசிங் உள்ள பிள்ளை, முழு ஆம்பளையை எப்படி ஜெயிக்கும் என்று ஒரு மனுஷி யோசித்திருக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. இவருக்குத்தான் டீசல் புகையில் நுரையீரல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி, வந்ததும் மிளகுக் கஷாயம். வாரம் ஒருமுறை மகளோடு ஊதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் தோற்றார். டிப்போவில் யாரோ எதையோ சொல்லிவைக்க, ராத்திரியில் நெஞ்சைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவில்தான் நான் அந்தப் பாவத்தையும் செய்தேன். பச்சையைத் தாண்டி இவ்வளவு தூரம் போன பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று, யாரையும் கேட்காமல் இன்ஹேலரை ஒருவேளையாக்கினேன். பிறகு ஞாபகம் வந்தால் கொடுப்பது என்றானது. அவள் இருமினால் சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, "இம்புட்டு ஊதுறவளுக்கு என்ன இருமல்? ஐஸ் தின்னிருப்ப" என்பேன்.

கடைசியில் பயம் தாங்காமல் என் கணவர் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நுரையீரல் டெஸ்ட்டுக்குக் கிளம்பினார். மூன்று பேரும் போனோம். டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று குழாயையும் அட்டையையும் பையில் எடுத்துக்கொண்டேன்.

டெஸ்ட் எடுத்த பெண் அவர் மூக்கில் கிளிப் மாட்டி, கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு குழாயை வாயில் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்கண்ணே, இன்னும் இன்னும்" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் நானும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் காத்திருந்த பெரியவர் ஒருவரும் ஊதி, அவருக்கு இருமலே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்கு" என்றார் அந்தப் பெண்.

"அப்பறம் எப்படிம்மா எம்மககிட்ட வாரா வாரம் தோக்குறேன்?" என்று கேட்டார் என் கணவர். நான் பெருமையோடு அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எங்க, ஊதிக் காட்டு பாப்பா" என்றார்.

மகள் கன்னத்தை உப்பவைத்து, சீத்தாப்பழக் கொட்டையைத் துப்புவதுபோல நாக்கால் ஒரு தள்ளு. முள் நானூற்றெழுபதில் போய் நின்றது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், யாராவது கவனித்தார்களா என்று.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, இது ஊதுறது இல்ல, துப்புறது. இதுல வாய்க் காத்துதான் வருது, நெஞ்சுல உள்ளது வரல" என்றார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டால் குழாயை எப்படிக் கவ்வ வேண்டும் என்று காட்டி ஊதச் சொன்னார். நூற்றிருபது. இன்னொரு தடவை, நூற்றுப் பதினைந்து. மூன்றாவது தடவை ஊத முடியாமல் இருமினாள்.

டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். மருந்து இரண்டு வேளையும் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, ஞாபகம் வந்தால் கொடுப்பேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். நோயாளியாக வந்த என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க, மகளை அதில் உட்காரவைத்து மாஸ்க் போட்டு நெபுலைசரில் மருந்துப் புகை வைத்தார்கள். உள்ளே போன மூச்சு ஒவ்வொன்றும் அவள் கழுத்துக் குழியை இழுத்தது. இதைத்தான் நான் ஒரு மாதமாகப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புகை முடிந்து கொஞ்சம் தெளிந்ததும், "ஏன்டா அப்படி ஊதுன?" என்று கேட்டேன்.

"நெசமா ஊதுன அன்னைக்கு நீங்க வஞ்சீங்கம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் நான் அழுதேன். என் கணவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "அப்ப நாளையில இருந்து நான் நடக்கப் போக வேண்டாம்ல?" என்று மெல்லக் கேட்டார்.

மருந்து இரண்டு வேளையும் தவறாமல் போக ஆரம்பித்தது. ஆனால் ரொம்ப நாளைக்கு அவள் ஊதிவிட்டு முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்த்தாள். எந்த எண் வந்தாலும் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி எழுதப் பழகிக்கொண்டேன். சொல்வது சுலபம். என் புருவம் ஏறாமல் பிடித்துவைக்கத்தான் பாடுபட்டேன்.

மார்கழியில் ஒரு காலை. நான் டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மகள் குழாயோடு வந்து, அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "அம்மா, இன்னைக்கு நூத்தி அறுபதுதான் வருது. மூணு தடவ ஊதிட்டேன், நெஞ்சு இறுக்கமா இருக்கு" என்று உரக்கச் சொன்னாள். சாக்பீஸைப் போட்டுவிட்டு எழுந்து, டாக்டர் சொல்லிவைத்திருந்தபடி மருந்து கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மூச்சு சீரானது. எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ எண்களை என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கேட்டு நான் மனதார நிம்மதியடைந்தது அந்த நூற்றறுபதைத்தான்.