கல்லுப்பு

எலுவன்குளத்துக்கு வரும் பின்னேர பஸ் கடைசித் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பது பாதை மோசம் என்பதற்காக அல்ல, மான்களுக்காக. அதில் பெரிய இரக்கம் எதுவும் இல்லை. முட்டினால் முன்கண்ணாடிக்குக் கேடு, அவ்வளவுதான். சாரதி ஹோர்ன் அடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஜன்னலால் தலையை நீட்டுவார்கள். கொழும்பிலிருந்து வந்த யாராவது இருந்தால் போனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடுவார். மான்கள் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல ஆறுதலாக மற்றப் பக்கம் போகும். ஊர்க்காரர் யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நான் பார்ப்பேன். நான் ஊர்க்காரன் இல்லை.

தில்லையடியில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஆடு வந்து நின்றாலே அது யாருடையது என்று விசாரணை தொடங்கிவிடும். ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, மனைவியின் சீதனக் காணியில் வீட்டைக் கட்டிக்கொண்டு இந்தக் காட்டோரத்துக்கு வந்தேன். ஊர் என்னை 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டது. கூப்பிட்டதே தவிர, வயலைப் பற்றியோ குளத்துத் தண்ணீரைப் பற்றியோ ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியாதவனிடம் எதைக் கேட்பது? ஆனால் ஆயுள் முழுக்க நான் கதைக்க மற்றவர்கள் கேட்டுப் பழகிய எனக்கு அது பெரிய குறையாகத்தான் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் குறைதான்.

மழை பிந்திய ஒரு வருடத்தில் மான்கள் எங்கள் வேலியடிக்கு வரத் தொடங்கின. அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியும் நேரத்தில் காட்டு விளிம்பிலிருந்து இறங்கி வரும். மனைவி ஆசையாக வைத்த செவ்வரத்தையில் ஓர் இலை மிச்சமில்லை. பயிற்றங்கொடியும் அடியோடு போயிற்று. அவள் வாசல் கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு, முக்காடு நழுவுவதையும் பார்க்காமல் ஏசிக்கொண்டே ஓடுவாள். நான் முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சிரிப்பேன். அவளைக் கண்டால் மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். காட்டின் அழகு உனக்கு எங்கே விளங்கப்போகிறது என்று அவளைப் பகிடி பண்ணுவேன்.

உப்பு வைக்கிற யோசனை என்னுடையதுதான். மனைவியின் தம்பி, என் மச்சான், புத்தளத்தில் உப்பளம் வைத்திருக்கிறார். விளைச்சல் முடிந்ததும் எங்களுக்கு ஒரு மூட்டை கல்லுப்பு அனுப்புவார். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு மூட்டை உப்பை என்ன செய்வது? குசினி மூலையில் கிடந்து ஈரம் குடித்து, அடிப்பகுதி கல்லாக இறுகிவிடும். மான் உப்புக்கு அலையும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். ஒரு கட்டியை உடைத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். அது விழுந்த சத்தத்துக்கு எல்லாம் சிதறி ஓடின. மறுநாள் போய்ப் பார்த்தால் கட்டி இல்லை. மண்ணைக்கூட வழித்து நக்கியிருந்தன.

அதன் பிறகு தினமும் எறிந்தேன். கொஞ்ச நாளில் சத்தத்துக்கு ஓடுவது நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் சத்தம் கேட்டால் வரத் தொடங்கின. வலது காது கிழிந்த ஒரு பெண்மான் எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. பக்கத்தில் அதன் குட்டி ஒட்டிக்கொண்டே நிற்கும். ஒருநாள் கட்டியை எறியாமல் வேலிக்கு மேலால் கையை நீட்டினேன். கழுத்தை நீட்டியது, பின்வாங்கியது, மறுபடி நீட்டியது. அந்தச் சொரசொரப்பான நாக்கு என் உள்ளங்கையில் பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு காட்டு உயிர் என்னை நம்புகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சொன்னேன். படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன், கட்டாரில் இருக்கிற மருமக்கள் 'மாஷா அல்லாஹ்' போட்டார்கள். அது போதவில்லை. பள்ளிவாசலுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. கடைக்காரர் நல்ல மனிதர். நான் பிளேன்டி கேட்டால் சீனியைக் கூட்டிப் போட்டு, 'சேர், மான் என்ன சொல்லுது?' என்று தொடங்கிவைப்பார். நான் எடுத்துவிடுவேன். எந்த நேரத்துக்கு வரும், எந்த இடத்தில் வேலியைத் தாண்டும், எந்தக் காதில் கிழிசல், கட்டியை எப்படிப் பிடித்தால் பயப்படாமல் நக்கும், எல்லாவற்றையும் பாடம் எடுப்பது போல விளக்கமாகச் சொன்னேன். பெஞ்சில் இருப்பவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் எனக்கு ஒரு வகுப்பு கிடைத்துவிட்டது.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "என்னக் கண்டா ஓடுதுகள், ஒங்களக் கண்டா வருதுகள்" என்று ஒருநாள் சொன்னாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு சில நாள் காது கிழிந்தது வரவில்லை. குட்டி மட்டும் மற்ற மான்களின் பின்னால், கொஞ்சம் தள்ளி வந்தது. நான் பெரிதாக யோசிக்கவில்லை. வேறு பக்கம் மேயப் போயிருக்கும் என்றேன். சிறுத்தை பிடித்திருக்கலாம் என்று ஒரு முறை தோன்றியது. அப்படியென்றால் அது காட்டின் கணக்கு, நமக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தக் கிழமையே தேத்தண்ணிக் கடைக்காரர் புது வீட்டுக்குக் குடிபோனார். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சாப்பாடு. முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, ஆறாறு பேராகச் சஹனைச் சுற்றி இருத்தினார்கள். சஹன் என்பது ஒரே பெரிய தட்டம். ஆறு பேரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவோம். தன் பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுப்பதும், நல்ல துண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதும், எல்லாரும் முடிக்கும்வரை எழும்பாமல் இருப்பதும் அதன் மரியாதைகள். ஒருவரின் கை நின்றால் மற்றவர்களின் கையும் நின்றுவிடும். சிறுவயதிலிருந்து எனக்குப் பிடித்த வழக்கம் அது. அன்றுவரை.

கடைக்காரரே இறைச்சிச் சட்டியுடன் வந்தார். எங்கள் சஹனுக்கு முன்னால் குந்தி, நடுவில் போடாமல், என் பக்கமாகப் பார்த்து ஒரு பெரிய துண்டை வைத்தார்.

"சேருக்குத்தான் மொதத் துண்டு" என்றார். "சேர் இல்லாட்டி இந்த இறைச்சி இல்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆடு வாங்குகிற விஷயத்தில் எப்போதாவது புத்தி சொல்லியிருப்பேனோ என்று நினைத்து, பெருமையாகச் சிரிக்கவும் செய்தேன். என் இடப்பக்கத்தில் இருந்த வயதானவர் தன் பக்கம் விழுந்த துண்டைக் கையால் பிரித்துப் பார்த்துவிட்டு, காட்டுச் சாமான் போலல்லவா இருக்கிறது, உயிர் போகமுந்தி அறுத்தீர்களா என்று கேட்டார். துவக்கால் சுட்டு அறுக்கமுந்தியே செத்திருந்தால் தின்னக் கூடாதே என்பது அவருடைய கவலை.

"துவக்கு என்னத்துக்கு?" என்றார் கடைக்காரர். "சேர் சொன்ன மாதிரியே உப்புக் கட்டியக் கையில வெச்சிக்கிட்டு நிண்டன். தானா வந்து நக்கினிச்சி. புடிச்சி, பிஸ்மி சொல்லி அறுத்தன். சந்தேகமே வேணாம், சுத்த ஹலால்."

வயதானவர் நிம்மதியாகக் கையைச் சோற்றுக்குள் விட்டார். காது கிழிந்ததா என்று மட்டும் கேட்டேன்.

"ஓம் சேர், அதுதான். நீங்க வட்ஸ்அப்புல போட்டது."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. அவருடைய கௌபிப் பயறுத் தோட்டத்தை மான்கள் எத்தனை தரம் அழித்தன என்பது எனக்கும் தெரியும். அவருக்கு மான் என்பது பயிரைத் தின்கிற, நாமும் தின்னக்கூடிய ஒரு பிராணி. பிடிக்கும் வழியை ஒரு படித்த மனிதர் கடையில் வைத்து விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த நன்றிக்கு நல்ல துண்டை எடுத்து வைக்கிறார். மானை அறுப்பது சட்டப்படி குற்றம் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குற்றத்தில் என் பங்கு என்ன என்று முதலில் நான்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேரின் கைகள் என் கைக்காகக் காத்து நின்றன.

சாப்பிட்டேன்.

ஒரு வாய் வைத்துவிட்டுச் சமாளித்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. என் பக்கத்துச் சோறு முடியும்வரை சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை பெரிய வெட்கம். நான் இறைச்சி தின்னாதவன் அல்ல. இளமையில் மானிறைச்சியும் தின்றிருக்கிறேன், அப்போது ஒரு கூச்சமும் இருக்கவில்லை. ஆனால் அவை என்னைக் கண்டு ஓடிய மான்கள். இது என் கைக்கு வந்தது. என் உப்பைத் தின்றது, நான் அதைத் தின்றேன். கறி எப்படி என்று கடைக்காரர் கேட்டபோது, நல்லம் என்றேன்.

எழும்பும்போது அவர் என் காதோடு சொன்னார்.

"குட்டியொண்டும் வாறதாமே சேர். அது கொஞ்சம் வளரட்டும். பெருநாளைக்குப் பாப்பம்."

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். என்ன கறி என்று மனைவி கேட்டாள். ஆடு என்று பொய் சொன்னேன். மறுபடி கழுவினேன். மசாலா வாசம் நகக்கண்ணில் நின்றது, அல்லது நிற்பதாக எனக்குப் பட்டது.

அஸருக்குப் பிறகு மான்கள் வந்தன. குட்டி இனிக் குட்டி இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். கால்கள் நீண்டு, தாயின் நிறம் பிடித்திருந்தது. மற்றவை தூரத்தில் நிற்க, அது மட்டும் நேரே வேலிக்கு வந்து என் கை இருக்கும் இடத்துக்குக் கழுத்தை நீட்டியது. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு மானுக்கு முன்னால் கையை ஒளித்துக்கொண்டு நின்ற என்னைக் கிணற்றடியிலிருந்து மனைவி பார்த்தாள். என்ன என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், சாப்பிட்டு முடித்ததையும் சேர்த்து.

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நான் தும்புத்தடியால வெரட்டக்குள்ள நீங்க சிரிச்சீங்க" என்றாள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விரட்டி விரட்டியே அந்த மான்களை எத்தனையோ நாள் அவள்தான் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் கதிரையில் இருந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

பெருநாளுக்கு அதிக நாள் இல்லை. இந்தக் குட்டி மனிதனைக் கண்டு பயப்படப் பழக வேண்டும். அதை நான்தான் பழக்க வேண்டும்; வேறு யார் பழக்குவது? கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். முதலில் அதன் மேல் படாமல் பக்கத்தில் விழுகிற மாதிரி எறிந்தேன்.

கல் விழுந்த சத்தம் கேட்டதும் அது காதுகளை நிமிர்த்தியது. ஓடவில்லை. ஆவலாகக் கல்லிடம் போனது. குனிந்து மணந்தது. பிறகு அதை நக்கத் தொடங்கியது.

உப்பு இல்லை என்று விளங்க அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. அடுத்ததை நான் எறியும்வரை காத்து நின்றது.

இரண்டாவது கல்லைக் கொஞ்சம் பெரிதாகத் தேடி எடுத்தேன். இந்த முறை அதன் மேலேயே குறிபார்த்து எறிந்தேன். பின்தொடையில் பட்டது. துள்ளிப் பாய்ந்து காட்டு விளிம்புவரை ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. இன்னொன்றும் எறிந்தேன். அந்தக் கல் அவ்வளவு தூரம் போகவில்லை.

மறுநாள் அஸருக்கு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, மறுபடி வேலிக்கு வந்தது.