குழாய் பொய் சொல்லாது

லெசிபா மஷிஷிக்கு நீச்சல் தெரியாது. பிரிட்டோரியாவின் வடக்குப் புறநகரில் அவர் வாங்கிய வீட்டோடு, கல்யாணத்தோடு மைத்துனன் வந்து சேர்வதுபோல, நீச்சல் குளமும் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு மேல் அவர் அதில் நனைந்ததே இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் தன் குளத்தை அவரளவுக்கு நேசித்தவர் யாருமில்லை. கரையில் நின்று நேசிப்பது சுலபம்.

போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டி வந்தவன் மாதா கோயில் பாடகன் என்றாலும், மனைவிக்குப் பிரசவ வலி என்றாலும், குடித்திருக்கிறானா என்று காட்டும் கருவியின் குழாயை நீட்டிவிடுவார். "வாய் ஆயிரம் சொல்லும், குழாய் பொய் சொல்லாது. ஊதுங்க." சொந்தத் தாய்மாமனிடமும் இதே வசனம்தான். மாமன் அதற்குப் பிறகு அவர் வீட்டில் கை நனைப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்குக் குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது. பேத்தி ஃபென்யோவுக்குக் காதுவலி வந்தது. இந்த வருஷம் மகள் டினியோ போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, தண்ணி சரியில்லன்னா பண்டிகைக்கு மறுநாளே மாமனார் வீட்டுக்குக் கிளம்பிடுவோம். அங்க பூல் பளிங்கு மாதிரி இருக்கு."

சம்பந்தி லெட்வாபாவிடம் தோற்பதா என்று லெசிபா ஊர் கேட்கக் கர்ஜித்தார். பிள்ளைகள் கிளம்பிவிடுவார்களே என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

கடையில் ஒரு சோதனைப் பெட்டி வாங்கினார். சின்னக் கண்ணாடிக் குழாய், சொட்டு மருந்து புட்டி, நிற அட்டை. குளத்து நீரை எடுத்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீராகவே நிற்கும். முதல் நாள் வெறும் தண்ணீர். தாராளமாகக் குளோரின் தூளைக் கொட்டினார். மறுநாள் சொட்டு விழுந்ததும் தண்ணீர் புதுப்பெண் மாதிரி ஒரு நொடி சிவந்தது, உடனே வெளுத்துவிட்டது. இல்லை என்றால் இல்லைதானே? இன்னும் கொட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே, இன்னும் கொஞ்சம்.

குளம் பளிங்கைத் தோற்கடித்தது. ஆனால் புல்வெளியில் புழு கொத்த வரும் ஹடீடா பறவைகள் வருவதை நிறுத்தின. அதில் தண்ணீர் குடிக்கும் நாய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மியபடி திரும்பிப் போனது. கரையில் உட்கார்ந்து கால் கழுவிய மனைவி மொக்காடியின் நீலப் பாவாடை ஓரம் வெள்ளையாகிவிட்டது.

"டினியோ அப்பா, கண்ணு எரியுது. இதுக்கு மேல போடாதீங்க."

"குழாயில ஒண்ணுமில்லயே."

"எம் பாவாடையப் பாருங்க!"

"பாவாட சாட்சி சொல்ல முடியாது, மொக்காடி. கருவி சொல்லணும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பண்டிகைக்கு முதல் நாள் டினியோவும் அவள் கணவனும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். வாசலிலேயே டினியோ மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா, ஆஸ்பத்திரி வெச்சிருக்கியா?"

லெசிபா குழாயைத் தூக்கிக் காட்டினார். தெளிந்த தண்ணீர். "பாத்துக்கோ. சுத்தமா குளோரினே இல்ல. இன்னும் ஒரு வாளி போட்டா சரியாயிடும்."

மொக்காடி இஞ்சி பீர் ஜாடியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நிக்கக்கூட முடியாத குடிகாரன், குழாயை வாயில வெக்கத் தெரியாம மூக்குல வெக்கறானே, அவன் ஊதினா கருவி என்ன காட்டும்?"

"ஒண்ணும் காட்டாது. அவனால ஊதவே முடியாதே."

"அவன விட்டுட்டீங்களா?"

"எப்படி விடறது? அவனுக்குத்தான் போதை தலைக்கு மேல..."

வாக்கியம் பாதியில் நின்றது. லெசிபா குளத்தைப் பார்த்தார். பிறகு குளத்து நீரில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு குடுவை சமையலறைக் குழாய்த் தண்ணீரில் கலந்து, அதில் சொட்டு விட்டார். பீட்ரூட் சாறு போல ஆகிவிட்டது. இத்தனை நாளும் அளவுக்கு மீறிப் போதை முற்றிய குளோரின் நிறத்தையே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

"உங்க குளம் குடிச்சிட்டுக் கெடக்குது, டினியோ அப்பா. உள்ள தள்ளுங்க."

வாய்விட்டுச் சிரித்தது மருமகன்தான். இந்தச் செய்தி சம்பந்தி காதுக்கு எந்த வேகத்தில் போகும் என்று லெசிபாவுக்குத் தெரியும். வேகக் கட்டுப்பாடு அவர் தொழில்.

வெயில்தான் குளோரினைக் குறைக்க வேண்டும். அதுவரை யாரும் இறங்கக் கூடாது என்று பழைய 'நில்' பலகையைக் கரையில் நட்டார். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் துத்தநாகத் தொட்டியில் குளித்தார்கள். மறுநாள் மகள் பெட்டி கட்டுவாள் என்று அவர் எழுந்திருக்கவே பயந்து படுத்திருந்தார். ஆனால் ஃபென்யோ வந்து போர்வையை இழுத்தாள். "தாத்தா, இன்னிக்குச் செவந்துச்சா? ஊதச் சொல்லிப் பாக்கலாம், வா."

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைப் பார்த்தார்கள். சிவந்து, வெளுத்தது. "இன்னும் போதை தெளியல!" என்று கத்தினார்கள். மாமனார் வீட்டுப் பளிங்குக் குளத்தில் இந்த வேடிக்கை ஏது? குளத்துக்குப் போதை தெளியாமல் இங்கிருந்து வரமாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். டினியோ பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

இப்படியே நாட்கள் நகர்ந்தன. ஒரு விடியலில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, லெசிபா தனியாகச் சோதித்தார். சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பு. வெளுக்கவில்லை. அட்டையில் 'சரியான அளவு' என்று போட்டிருக்கும் அதே நிறம்.

அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரோஜாச் செடியடியில் கொட்டினார்.

"செவந்துச்சா தாத்தா?" கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள் ஃபென்யோ.

"இன்னும் இல்லம்மா. நாளைக்குப் பாக்கலாம்."

சமையலறை ஜன்னலிலிருந்து மொக்காடியின் குரல் வந்தது: "டினியோ அப்பா, கொஞ்சம் இங்க வந்து ஊதுங்க."