மூக்கு மேஸ்திரி முகர்ந்து கொடுத்த வேன்

மூக்கு மேஸ்திரிக்கு வாசனை தெரியாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடமாக, இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் வேலை பார்க்கிறவர். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். அப்புறம் சைலன்சர் பக்கம் போய் இன்னொரு இழுப்பு. பெட்ரோல் ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். "ம், எடுத்துட்டுப் போ" என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது. மற்றவர்கள் வேலைக்கு ரசீது கொடுப்பார்கள், இவர் மூக்கைக் கொடுப்பார் என்று தெருவே கேலி செய்யும். அந்தக் கேலியில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். எழுந்து வந்து கை கழுவினால் சோப்பில் வாசனையே இல்லை. மட்டமான சோப்பு என்று நினைத்தார். பட்டறைக்குப் போய்ப் பெட்ரோல் டப்பாவைத் திறந்து முகத்தருகே பிடித்தார். பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. வெலவெலத்துப் போனார். வெளியே சொன்னால் பிழைப்பில் மண் விழும். அதனால் அடுத்த வண்டிக்கும் குனிந்தார், கண்ணை மூடினார், இழுத்தார், "ம், எடுத்துட்டுப் போ" என்றார். அடப்பாவி மனுஷா, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீரோ ஒரு வெள்ளைத் துணியோ வைத்தாவது பார்க்கக்கூடாதா? பார்த்தால் ஏன் என்று கேட்பார்களே!

இந்த லட்சணத்தில்தான் தங்கை கடை கடையாக ரொட்டி போடும் வேன் வந்து சேர்ந்தது. அதன் இன்ஜெக்‌ஷன் இன்ஜின், கார்புரேட்டரே இல்லாத புது ரகம், இறுகிப்போய் நின்றுவிட்டது. மேஸ்திரியிடம் பழைய கார்புரேட்டர் இன்ஜின் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தூக்கி ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் உட்கார வைத்தார். டேங்குக்குள் இருந்த கரண்ட் பம்பை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பம்பு தள்ளும் பிரஷர் நாற்பது, கார்புரேட்டருக்குத் தேவையோ மூன்று. கைக்குழந்தைக்குப் பால் புகட்டத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட கதைதான். நடுவில் பிரஷரைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் வைத்து, மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்ப ஒரு குழாயும் போட்டார். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க ஒரு சுவிட்ச் வைத்தார். மீட்டரில் முள் மூன்றில் நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அதுவரைக்கும் வேலை சுத்தம்.

ஆனால் மூன்று என்பது ரெகுலேட்டரைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன்னால் இருக்கும் ஒரு முழக் குழாய் நாற்பதையும் தாங்க வேண்டும். அதற்கென்று தடித்த ரப்பர் ஹோஸ் இருக்கிறது. மேஸ்திரியின் கையோ, முப்பது வருடப் பழக்கத்தில், சுவரில் மாட்டியிருந்த, மூன்றுக்கு மட்டுமே ஆன மெல்லிய கார்புரேட்டர் ஹோஸ் சுருளுக்குப் போயிற்று. வெட்டினார், மாட்டினார், குனிந்து முகர்ந்தார். "ம், எடுத்துட்டுப் போ."

மூன்றாம் நாள் காலை, பாரத்தோடு வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்கத் தங்கையோடு அவரும் கிளம்பினார். இன்ஜின் கச்சிதமாக ஓடியது. தங்கை கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினாள். சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தார்.

மூன்றாவது கடையில் நிறுத்தினார்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வாயில் பற்றவைக்காத சிகரெட், கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்தபடியே ஜன்னலுக்குள் தலையை நீட்டியவர், பாம்பை மிதித்தவர் போலப் பின்னால் துள்ளினார்.

"ஐயய்யோ! என்னம்மா இது, பெட்ரோல்லயே குளிச்சுட்டு வந்திருக்கீங்களா? இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா உரசியிருப்பேனே!"

"முந்தாநாள்லேருந்தே இந்த நாத்தம்தான்" என்றாள் தங்கை சாதாரணமாக. "எங்கண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. அவருக்குத் தெரியாததா? புது வேலைன்னா அப்படித்தான் இருக்கும்."

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து சாவியைத் திருகி அணைத்தார், தங்கையின் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவில் இழுத்துவிட்டார். ஓடி வந்து சீட்டைத் தூக்கினார். ஹோஸ் பலூன் மாதிரி உப்பி, கிளிப் ஓரத்தில் விரிசல் விட்டுக் கசிந்திருந்தது. அடித்தட்டு முழுக்கப் பெட்ரோல். கொதிக்கும் சைலன்சர் குழாய் அதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. இதற்கு மேல்தான் கூடப்பிறந்தவளை உட்கார வைத்திருந்தார்.

அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு அடிக்கலையாண்ணே?"

"இல்லம்மா. ஆறு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

அவள் அவரையே பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து சின்னவ ஸ்கூலுக்கு வரும்போது நாத்தம் தாங்கலம்மா, எறக்கி விடும்மான்னு அழுதா. மாமா பாத்துக் குடுத்த வண்டியையா குறை சொல்றேன்னு அறைஞ்சேன்ணே. கண்ணாடியை ஏத்தி வச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போனேன்." அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆறு மாசத்துல இன்னும் எத்தனை வண்டிக்குண்ணே மோந்து பாத்த?"

எத்தனை? அவருக்கே தெரியாது. அதில் ஒன்று மட்டும் இடி மாதிரி மண்டையில் இறங்கியது. போன வாரம் ஒரு வாத்தியாரின் காருக்கு இதே பம்பு வேலை, இதே சுருளில் வெட்டிய ஹோஸ். செல்போனை எடுத்தார். வாத்தியாரின் நம்பரைப் போட்டார்.

"சார், உங்க கார்ல பெட்ரோல் வாடை ஏதாவது அடிக்குதா?"

வாத்தியார் சிரித்தார். "அடிக்குது மேஸ்திரி, நாலு நாளா. பொண்டாட்டி பட்டறைக்குப் போங்கன்னு உயிரை வாங்குறா. நான்தான், மூக்கு மேஸ்திரியே மோந்து பாத்துக் குடுத்தது, பேசாம உக்காருன்னு அதட்டி வச்சிருக்கேன்."

"இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"வண்டியிலதான். குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டிருக்கோம்."

"நிறுத்துங்க சார்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி மேஸ்திரி அலறினார். "நிறுத்திட்டு எல்லாரும் எறங்கி ஓடுங்க! எனக்கு மூக்கு வேலை செய்யல சார், நான் எதையும் மோந்து பாக்கல!"