லிஃப்ட்காரரின் வண்டி வெளியே வந்த நாள்

தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் ஏற இறங்க நின்றால்கூட அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டில் செய்துவைத்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சிரிக்காமல் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, காடு மேடெல்லாம் ஏறுகிற வண்டி. அதாவது, ஒரு காலத்தில் ஏறின வண்டி. வந்த அன்றைக்கு அதற்கு இடதுபக்கக் கதவு கிடையாது. எஞ்சினுக்குள் ஒரு எலி பிள்ளைகுட்டியோடு செட்டில் ஆகியிருந்தது. பின்பக்கத் தொட்டியில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய மாமியார் தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதை விக்கவா கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. சரி பண்ண."

"ஓ," என்றார் மாமியார். அந்த ஒரு எழுத்தில் இருந்ததை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் ஆகிவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டுக்குள் வண்டியைத் தள்ளினார்கள். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டிக்குக் கீழே இரண்டு கால் தெரியும், அதுதான் லிஃப்ட்காரர். எஞ்சினை இறக்கினார், ஏற்றினார். மறுபடி இறக்கினார், ஏனென்றால் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. எங்கிருந்தோ ஒரு கதவு வாங்கி மாட்டினார். அது பச்சை, வண்டி வெள்ளை. காடு மேடு ஏறும் வண்டி உயரமாக இருக்கவேண்டாமா என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்த்தார். பெரிய டயர் போட்டார். வண்டி உடம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் கட்டை வைத்து இன்னும் தூக்கினார். அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் ஷெட் பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன, சக்களத்தி எழுந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். ஓடுமா என்று யாராவது கேட்டால் லிஃப்ட்காரரிடம் ஒரே பதில்தான். "ஓடும். இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி." அந்த ஒரே ஒரு வேலை நாலு வருஷமாகத் தீரவில்லை. எஞ்சின் உறுமும், வண்டி ஷெட்டுக்குள்ளேயே நாலடி முன்னால் போகும், நாலடி பின்னால் வரும். வாசலைத் தாண்டியதே இல்லை.

இப்படி இருக்கும்போது நர்ஸுக்கு ஆர்டர் வந்தது. மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதற்கு அவள் தலைமை நர்ஸ். பதினோரு வருஷமாகக் காத்திருந்த பதவி. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர் மலைமேல் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலையில் இருந்தார். ஆக, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சுவதற்கெல்லாம் வழி இல்லை. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கவேண்டும். மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். வீட்டில் இனி லிஃப்ட்காரரும் மாமியாரும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகும் பஸ் நின்றுவிட்டது. சொல்லிவைத்திருந்த வாடகைக் கார்க்காரர் பத்து மணிக்குப் போன் பண்ணினார். "அக்கா, மேல ரோடே இல்ல, வெறும் சேறு. என் கார் ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தா பாருங்க."

நர்ஸ் போனை வைத்தாள். மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க. ஓடுமா?"

லிஃப்ட்காரர் ஷெட் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஓடும்," என்றார். இன்னும் ஒரு வேலை பாக்கி என்று சொல்ல வந்த வாயைக் கஷ்டப்பட்டு மூடினார்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தது. டீசல் இருந்தது. முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை! ஷெட் கதவைத் திறந்துவிட்டு, கியரைப் போட்டு, ஜம்மென்று முன்னால் வந்தார். டொங் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வண்டியின் கூரை வாசலின் மேல் விட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது.

"அளந்தேனே!" என்று அலறினார். அளந்திருந்தார், பொய் இல்லை. கதவு நிலையில் அவர் கையாலேயே சாக்பீஸில் எழுதியிருந்தது: ஆறடி எட்டு அங்குலம். வண்டியின் உயரம் ஆறடி ஆறு. இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கவேண்டும். டேப்பை எடுத்து வாசலை மறுபடி அளந்தார். ஆறடி நாலு.

வாசல் சுருங்குமா? மாமியார்தான் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, தரையைக் காலால் தட்டிக் காட்டினார். "போன வருஷம் ஜாக்கி மண்ணுல புதையுதுன்னு இந்த முற்றம் வரைக்கும் சிமெண்ட் போட்டீங்களே, மாப்பிள்ளை. அது எத்தனை அங்குலம்?"

நாலு அங்குலம். தரை ஒரு நூல் ஏறினால் சோறு இறங்காத மனுஷன், சொந்தத் தரையை நாலு அங்குலம் ஏற்றிவிட்டு, சாக்பீஸ் கணக்கை மாற்றாமல் விட்டுவிட்டார். மேலேயிருந்து வண்டியை உயர்த்தினார், கீழேயிருந்து தரையை உயர்த்தினார். நடுவில் மாட்டிக்கொண்டார்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மழை பெய்தால் என்ன, வேடிக்கை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் குடை தானாக முளைத்துவிடுமே. விட்டத்தை உடைத்துவிடலாம் என்றார் தையல்காரர். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, உடைத்தால் தொட்டி வண்டிமேல் உட்காரும். டயரில் காற்றை முழுக்க இறக்கிவிடலாம் என்றார் பேக்கரி மாஸ்டர். முழுக்க இறக்கினால் டயர் சக்கரத்தை விட்டுக் கழன்றுகொள்ளும், திரும்ப ஏற்ற மெஷின் வேண்டும். பாதி இறக்கலாம். இறக்கினார்கள். முக்கால் அங்குலம் தாழ்ந்தது. இன்னும் ஒன்றேகால் அங்குலம் வேண்டும்.

லிஃப்ட்காரர் விட்டத்துக்குக் கீழே டேப்பும் கையுமாக நின்றார். அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. ஒவ்வொரு லிஃப்டிலும் அவர் கையால் திருகி மாட்டிய தகடு: ஆறு நபர்கள், நானூற்று எட்டு கிலோ. ஆள் ஏறினால் லிஃப்ட் கொஞ்சம் தாழும். ஆள் ஏறினால் வண்டியும் தாழும். எவ்வளவு சுலபம்! தெரு நிறைய ஆள் நிற்கிறார்கள்.

தோன்றியது. ஆனால் அவர் சொல்லவில்லை.

ஏனென்றால் அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. "முடியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஐந்து மணி தானாக வரும், போகும். நாளைக் காலையில் அவள் டியூட்டி முடிந்து வந்து, ஷெட்டை எட்டிப் பார்த்து, சக்களத்தியை விசாரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. வண்டி முட்டிக்கொண்டதில் மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. சே, என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டும் வாயைத் திறக்கவில்லை. டேப்பை இழுத்தார், விட்டார். அளந்ததையே அளந்தார்.

நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்திருந்தாள். உறைமேல் விழும் சாரலைக் கைக்குட்டையால் துடைப்பாள், மறுபடி விழும், மறுபடி துடைப்பாள். பதினோரு வருஷத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க!" என்று கத்தினார்.

"எங்க போறோம்?" என்றார் பேக்கரி மாஸ்டர்.

"எங்கயும் போகல. எட்டடி போறோம். ஏறுங்கய்யா!"

பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல! ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று லிஃப்ட் கணக்கில் போட்டார். கணக்கு உதைத்தது, ஏனென்றால் தையல்காரர் நனைந்தாலும் ஐம்பதைத் தாண்டமாட்டார். "அண்ணே, நீங்க என்ன வெயிட்டு?" என்று பேக்கரி மாஸ்டரைக் கேட்டால், "எழுபதுதான்," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அவர் ஏறிய பக்கம் வண்டி முனகியது. டியூஷன் டீச்சர் தன் மாணவிகள் ஐந்து பேரையும் பாதிப் பாடத்தில் எழுப்பிக்கொண்டு வந்தார். எஞ்சின் மூடிமேல் நாலு பேர், பின்தொட்டியில் பதினோரு பேர், பச்சைக் கதவு பக்கம் சீட்டில் இரண்டு பேர். யாருடைய முழங்கால் யாருடையது என்று தெரியாத நெரிசல். "யோவ், என் காலு!" "இது என் காலுங்க!" மேலே மழை. எல்லோரும் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. "சிரிக்காதீங்க, அளக்க முடியல!" என்று கெஞ்சினார் லிஃப்ட்காரர். அதற்கும் சிரித்தார்கள்.

அளந்தார். கூரை இன்னும் ஒரு விரல் கனம் விட்டத்தில் இடித்தது. ஒரே ஒரு ஆள் வேண்டும். தெருவில் ஆள் இல்லை. குடையோடு ஒருவர் மட்டும் நின்றார்.

"அத்தை..."

"நான் என்ன மூட்டையா?" என்றார் மாமியார்.

"அம்மா, ஏறும்மா!" என்றாள் நர்ஸ். குரல் உடைந்தே விட்டது.

மாமியார் மகளைப் பார்த்தார். குடையை மடக்கினார். பேக்கரி மாஸ்டர் கை கொடுக்க, இரண்டு மாணவிகள் பின்னாலிருந்து தள்ள, மகாராணி மாதிரி ஏறித் தொட்டியின் நட்டநடுவில் உட்கார்ந்தார். வண்டி ஹூம் என்று அமுங்கியது. "யாராவது என் வெயிட்டைப் பத்திப் பேசினீங்க..." என்று ஆரம்பித்தார். யாரும் பேசவில்லை. மூச்சுகூட விடவில்லை.

லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டார். அங்குலம் அங்குலமாக வண்டி நகர்ந்தது. கூரை விட்டத்தில் க்ர்ர்ர் என்று உரசியது. பெயிண்ட் போனால் போகட்டும். கூரை முழுதாக வாசலைத் தாண்டியதும் தெரு "ஹே!" என்று கத்தியதில் மாமியாரின் குரல்தான் முதலில் கேட்டது. எல்லோரும் குதித்து இறங்கினார்கள். வண்டி நிமிர்ந்தது. நாலு வருஷத்தில் முதல்முறையாக அதன்மேல் மழை விழுந்தது. அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று லிஃப்ட்காரருக்கே தெரியாது. கால் பம்பைக் கொண்டுவந்து தெருவே முறை வைத்து மிதித்து டயருக்குக் காற்றேற்றியது.

கிளம்பும்போது மணி ஒன்றரை. சமதரையில் பறந்தார்கள். மலையடிவாரத்தில் கார்க்காரர் சொன்னது சரிதான், ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்து நாலு சக்கரத்தையும் சேர்த்தார். வண்டி ஒருமுறை வழுக்கியது, ஒருமுறை யோசித்தது, பிறகு ஏற ஆரம்பித்தது. "ஏறுதுங்க! ஏறுது!" என்று நர்ஸ் டேஷ்போர்டைத் தட்டினாள். ஓர் ஓடையைக் கடந்தபோது காலடியில் ஒட்டுப்போட்டிருந்த தரை வழியாகத் தண்ணீர் வந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது. "ஒரே ஒரு வேலை பாக்கின்னு சொன்னேன்ல," என்றார் அவர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் பிறந்த புதிதில் அப்படிச் சிரித்தவள். இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்துக்கொண்டே மலை ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. வராந்தாவில் இருந்த பணியாள் வாயைப் பிளந்தபடி ரிஜிஸ்டரை நீட்டினார். நர்ஸ் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். நேரமும் போட்டாள். லிஃப்ட்காரர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியைக் குவார்ட்டர்ஸில் இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நான் கிளம்பறேன்," என்றார். "எனக்கு நாளைக்கு எட்டு மணிக்கு டியூட்டி. வண்டி இறங்கிடும், நீ பயப்படாத."

"இறங்கும்னு எனக்குத் தெரியும். இப்பவே இறங்கணுமான்னு கேக்கறேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சொல்லாமல் போனால் வழியெல்லாம் உறுத்தும் என்று தெரிந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க வாசல்ல நின்னப்ப, ஆளை ஏத்துற யோசனை எனக்கு உடனே வந்துடுச்சு. நான்தான் சொல்லல. வண்டி வெளிய வராமலே போகட்டும்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்."

"ஒரு நிமிஷம் இல்ல," என்றாள் நர்ஸ். "மூணு நிமிஷம். நீங்க அளந்ததையே அளந்தப்ப, நான் வாட்ச்சைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா, எனக்காகச் சொல்லிடுவீங்க. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு அவள் போனை எடுத்து அம்மாவுக்குச் செய்தி சொல்லப் போனாள். லிஃப்ட்காரர் மழையில் இறங்கிப் போய், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பச்சைக் கதவைச் சாத்திவிட்டு, குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்தார்.